கேள்வி புரிந்தால்தானே பதில் வரும்!

பிள்ளை பெற்று ஒன்றரை மாதமான மகளை, வேதாரண்யத்தில் என்னிடம் அழைத்து வந்தார் ஓர் அம்மா. "பசியே இல்லைங்கய்யா, எந்நேரமும் அசதிங்கறா. லேகியம் கொடுங்க" என்றார். நாடி பார்த்துவிட்டு, "மனச்சோர்வு ஏதும் இருக்காம்மா?" என்று மகளைக் கேட்டேன். "அதெல்லாம் இல்லீங்கய்யா." "சும்மா இருக்கும்போதே அழுகை வருதா?" என்று மாற்றிக் கேட்டதுதான் தாமதம், பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது.

மனச்சோர்வு என்பது பத்திரிகைச் சொல். வீட்டில் நாம் 'மனசே சரியில்லை', 'எதுவும் பிடிக்கலை', 'நெஞ்சு பாரமா இருக்கு' என்றுதானே சொல்கிறோம்?

பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டுபிடிக்கப் பல நாடுகளிலும் பயன்படுவது எடின்பரோ கேள்வித்தாள். 1987-ல் ஸ்காட்லாந்தில் உருவானது. 10 கேள்விகள். கடந்த 7 நாட்களாக எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கும். ஒவ்வொரு பதிலுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண்.

அப்படியே தமிழில் எழுதிவிட்டால் போதாதா? போதாது. ஆறாவது கேள்வியில், காரியங்கள் என் மேலே ஏறிக்கொண்டு வருகின்றன என்கிற மாதிரி ஓர் ஆங்கில வழக்கு இருக்கிறது. நம் வீட்டில் மேலே ஏறுவது பேரப்பிள்ளைதான்! 'எதையும் சமாளிக்க முடியலை, மலைப்பா இருக்கு' என்றால்தான் நமக்கு விளங்கும்.

மொழிபெயர்த்ததை, மூலத்தைப் பார்க்காத இன்னொருவரிடம் கொடுத்து மறுபடி ஆங்கிலமாக்கி ஒப்பிடுவது வழக்கம். இதிலும் ஒரு பொடி உண்டு. சொல்லுக்குச் சொல் பெயர்த்த மோசமான தமிழ்தான் அச்சுப் பிசகாமல் ஆங்கிலத்துக்குத் திரும்பும்! ஆகவே பிள்ளை பெற்ற பெண்கள் சிலரிடமே படித்துக்காட்டி, "இதுல என்ன கேட்கறாங்கன்னு நினைக்கறீங்க?" என்று விசாரித்தாக வேண்டும்.

மதிப்பெண்ணும் ஊருக்கு ஊர் மாறும். மூலத்தில் 13-ம் அதற்கு மேலும் வந்தால் சந்தேகம் என்றார்கள். தமிழ் வடிவத்தை வேலூரில் சோதித்து 2005-ல் வெளியிட்ட ஆய்வில், முதற்கட்டச் சலிப்புக்கு 9-லிருந்தே கவனிக்கவேண்டும் என்று தெரிந்தது. ஸ்காட்லாந்துக் கணக்கையே வைத்திருந்தால் நம் பெண்கள் எத்தனை பேர் தப்பிப்போயிருப்பார்கள்!

பத்தாவது கேள்வி முக்கியமானது. 'உங்களை நீங்களே துன்புறுத்திக்கொள்ள நினைத்தீர்களா' என்றால், பட்டினி கிடப்பதைக் கேட்கிறார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்று நேரே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. மாமியாரோ புருஷனோ பக்கத்தில் இருக்கும்போது மட்டும் கேட்காதீர்கள், உண்மை வராது.

அந்த அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு நானும் கேட்டேன். தலையாட்டினாள். அப்புறம் மதிப்பெண் கூட்டிக்கொண்டிருக்கவில்லை. அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அனுப்பினேன், தனியே விடவேண்டாம் என்று சொல்லி. இரவு நேரத்தில் இப்படி ஆனால் 14416 என்ற டெலி மனஸ் எண்ணுக்குப் பேசலாம்; தமிழிலேயே பேசுவார்கள்.

"லேகியம்?" என்றார் அம்மா. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.