ஒரு நாவலும் வாசகர் கடிதங்களும்

யாழ்ப்பாணத்து அளவெட்டி என்றதும் பலருக்கும் தவிலும் நாதஸ்வரமும்தான் நினைவுக்கு வரும். பத்திரிகை விவாதத்திலும் அந்த ஊருக்குப் பங்கு உண்டு!

1924ஆம் ஆண்டு அளவெட்டியில் பிறந்தவர் அ.ந.கந்தசாமி. கவிஞர், நாடகாசிரியர், பத்திரிகையாளர். பிரெஞ்சு எழுத்தாளர் எமில் ஸோலாவின் 'நாநா' நாவலை அவர் தமிழாக்கினார். 1950களின் தொடக்கத்தில் 'சுதந்திரன்' பத்திரிகையில் அது தொடராக வந்தது. நாயகி பாரிஸ் நகரத்து நடிகை. ஆண்களின் ஆசையைக் காசாக்கி வாழ்பவள். இப்படியொரு கதை குடும்பங்கள் படிக்கும் பத்திரிகைக்குத் தகுமா? ஆதரித்தும் எதிர்த்தும் வாசகர்கள் எழுதினார்கள். கதையோடு சேர்ந்து வாதமும் வளர்ந்தது. பாரிஸிலும் இதே நிலைதான்: 1879இல் அங்கே ஒரு நாளேட்டில் தொடராக வந்தபோதே 'நாநா' பெரும் சர்ச்சையைக் கிளப்பியது.

மேடை வாதம் கைதட்டலோடு கலைந்துவிடும். பத்திரிகையில் எதிர்வாதம் அச்சேற நாளாகும். அதற்குள் மற்றவர் சொன்னதை இன்னொருமுறை படித்துப் பார்க்க வேண்டியிருக்கும். இலக்கியத்தில் ஒழுக்கம் எது என்று ஈழத்துச் சாதாரண வாசகர்கள் யோசித்த தடயம் அந்தக் கடிதங்கள். அவற்றை ஒரு நூலாகத் தொகுத்தால் எத்தனை நன்றாயிருக்கும்!