காருக்குள் ஒரு வழித்துணை

காரிலோ வேனிலோ போகும்போது டிரைவருக்குப் பக்கத்தில் இருக்கும் பாட்டுப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். அதில் பாட்டு வைக்க உங்களுக்குத் தெரியும். பென்டிரைவ் செருகத் தெரியும். வீட்டுப் பெரியவர்களை விட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்! ஆனால் சில கார்களில் அந்தப் பெட்டியிலே 'டி.ஏ.' என்று இரண்டு ஆங்கில எழுத்துப் போட்ட ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அது எதற்கு என்று யாரிடமாவது கேட்டிருக்கிறீர்களா? கேட்டால், "அதையெல்லாம் தொடாதே" என்றுதான் பதில் வரும்.

அந்த இரண்டு எழுத்துக்கும் 'போக்குவரத்து அறிவிப்பு' என்று பொருள். அதற்கு ஒரு கதை உண்டு.

ஜெர்மனி நாட்டில் கார்கள் பெருகிய காலம். நெடுஞ்சாலையில் ஓர் இடத்தில் விபத்து நடந்தால், பின்னால் வருகிறவர்களுக்கு அது எப்படித் தெரியும்? அப்போது செல்போன் கிடையாது. ஆனால் காரில் வானொலி இருந்தது. 1974ஆம் ஆண்டு அங்கே ஓர் ஏற்பாடு செய்தார்கள். வானொலி நிலையம் சாலைச் செய்தியை வாசிக்கும்போது, காதுக்குக் கேட்காத ஒரு சைகையையும் சேர்த்து அனுப்பும். அந்தச் சைகை கிடைத்ததும் காரில் இருக்கும் பெட்டி விழித்துக்கொள்ளும். ஓடிக்கொண்டிருக்கும் கேசட் தானாகவே நிற்கும். குறைத்து வைத்திருந்த சத்தம் கூடும். "இத்தனையாவது சாலையில், இந்த ஊருக்கு அருகே வாகனங்கள் தேங்கி நிற்கின்றன" என்று குரல் வரும். செய்தி முடிந்ததும் கேசட் மறுபடி பாடத் தொடங்கும்! இதே யோசனைதான் 1980களில் ஐரோப்பா முழுவதற்கும் பொதுவான முறையாக வளர்ந்தது. நம் ஊருக்கு வந்த கார்ப் பெட்டிகளிலும் அந்தப் பொத்தான் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. நம் நிலையங்கள் அந்தச் சைகையை அனுப்புவதில்லை. ஆகவே பாவம், அது சும்மா உட்கார்ந்திருக்கிறது.

ஜெர்மனி வானொலியில் ஒரு விசேஷ எச்சரிக்கையும் உண்டு. யாராவது நெடுஞ்சாலையில் எதிர்த்திசையில் வண்டி ஓட்டி வந்தால், நிகழ்ச்சியை நிறுத்திவிட்டு உடனே சொல்லிவிடுவார்கள். "எதிரே ஒரு வண்டி தவறான பக்கத்தில் வருகிறது. ஓரமாகப் போங்கள், யாரையும் முந்தாதீர்கள்" என்பார்கள். நம் நாற்கரச் சாலையில் இப்படி வருகிற மோட்டார் சைக்கிள்களை எல்லாம் அறிவிக்கத் தொடங்கினால் பாட்டுப் போடவே நேரம் இருக்காது!

ஜப்பானில் வேறு மாதிரி. நெடுஞ்சாலை ஓரத்தில் 1620 என்ற எண்ணோடு பலகை வைத்திருப்பார்கள். அந்த எண்ணுக்கு வானொலியைத் திருப்பினால், அடுத்த சில கிலோமீட்டரில் என்ன நடக்கிறது என்ற செய்தி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். பாட்டு இல்லை, விளம்பரம் இல்லை.

காருக்குள் வானொலி வந்ததே ஒரு சாமர்த்தியமான கதைதான். அமெரிக்காவில் பால் கால்வின் என்பவரும் அவர் தம்பி ஜோசப்பும் 1930இல் காருக்கான வானொலியை விற்பனைக்குக் கொண்டு வந்தார்கள். அதில் பெரிய தொல்லை என்ன தெரியுமா? எஞ்சினில் பெட்ரோலைப் பற்றவைக்க ஒரு தீப்பொறி வேண்டும். ஒவ்வொரு பொறியும் வானொலியில் 'கரகர' என்று கேட்கும். அதை அடக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அட்லாண்டிக் சிட்டியில் வானொலி வியாபாரிகளின் மாநாடு நடந்தபோது, கால்வின் தன் காரையே வாசலில் நிறுத்தி, வானொலியைச் சத்தமாகப் பாடவிட்டு ஆள் பிடித்தாராம். மோட்டாரில் பாடும் பெட்டி என்பதால் அதற்கு 'மோட்டோரோலா' என்று பெயர் வைத்தார். பின்னாளில் செல்போன் செய்த அதே மோட்டோரோலாதான்.

தாத்தா வீட்டுப் பரணில் பழைய டிரான்சிஸ்டர் இருந்தால் அந்தக் கரகரப்பை நீங்களே கேட்கலாம். மத்திய அலையில் வைத்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் டியூப்லைட்டைப் போட்டு அணைத்துப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் 'டக்' என்று ஒரு சத்தம் வரும்.

சரி, நம் கோவில்பட்டிக்கு வருவோம்.

நம் ஊரை ஒட்டிப் போகும் சாலை சாதாரணமானது அல்ல. ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, இந்தியாவிலேயே நீளமானது. வாரணாசியிலிருந்து வந்த காலத்தில் அதற்கு 7 என்று எண். பெரியவர்கள் இன்னமும் 'என்.எச். 7' என்றுதான் சொல்வார்கள். தீப்பெட்டி ஏற்றிய லாரி, கடலைமிட்டாய்ப் பெட்டி ஏற்றிய வேன், தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர், திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகும் கூட்டம் என்று எல்லாம் நம் பக்கத்துச் சாலைகளில்தான். அந்தப் பெரிய சாலையை விட்டு இறங்கினால், விளாத்திகுளம், நாகலாபுரம், புதூர், ஓட்டப்பிடாரம் பக்கம் போகும் சாலைகள் வேறு விதம்.

அவற்றின் அடியில் இருப்பது கரிசல் மண். இந்த மண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கரிசல் மண்ணில் இருக்கும் களிமண் துகள்கள் தண்ணீரைக் குடித்து உப்பும். வெயிலில் தண்ணீரை விட்டுச் சுருங்கும். சித்திரை மாதம் காட்டுக்குள் போனால் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விட்டுக் கிடக்கும். ஐப்பசியில் அதே இடத்தில் நடந்து பாருங்கள். செருப்பில் மண் அப்பி அப்பி, ஒவ்வொரு காலும் ஒரு கிலோ கனக்கும்! இப்படி ஆண்டுதோறும் உப்பிச் சுருங்கும் மண்ணின்மேல் தார்ச்சாலை போட்டால் என்ன ஆகும்? சாலையும் சேர்ந்து ஏறி இறங்கும். பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து, இடுப்பு வலிக்கப் போனவர்களுக்கு நான் சொல்வது புரியும். அதனால்தான் பொறியாளர்கள் கரிசலில் சாலை போடும்போது, மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டுச் சரள் நிரப்புவார்கள். அல்லது சுண்ணாம்பு கலந்து மண்ணின் உப்பலைக் குறைப்பார்கள். சாலையின் ஓரத்தில் அதுவும் இருக்காது. மழை நாளில் எதிரே வரும் வண்டிக்கு வழிவிட லாரி தாரை விட்டு இறங்கினால் போச்சு! சக்கரம் சுற்றும், லாரி நகராது. பின்னால் வருகிறவர்கள் எல்லாம் அன்று மாலை வரை காத்திருக்க வேண்டியதுதான்.

அடுத்தது ஓடை. வருடத்தில் பத்து மாதம் நம் ஓடைகளில் ஆடு மேயும். குறுக்கே பெரிய பாலம் கட்டாமல் தரைப்பாலம் போட்டிருப்பார்கள். மேற்கே எங்கோ மழை பெய்திருக்கும். இங்கே ஒரு சொட்டும் விழுந்திருக்காது. ஆனால் ஓடையில் செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்து தரைப்பாலத்தை மூடிவிடும். நான் வேலை பார்த்த கிராமத்துப் பள்ளிக்கும் பஸ் நிற்கும் இடத்துக்கும் நடுவிலே இப்படி ஓர் ஓடை உண்டு. மழைக்காலத்தில் காலை மணி அடிக்கும்போது அக்கரைப் பிள்ளைகள் வந்திருக்க மாட்டார்கள். ஓடை ஓடுகிறது என்று எங்களுக்குச் செய்தி சொன்னது, வகுப்பில் காலியாக இருந்த பெஞ்சுதான்.

ஒன்றை மனதில் வையுங்கள். ஓடுகிற தண்ணீர் 30 சென்டிமீட்டர் ஆழம் இருந்தாலே, அதாவது உங்கள் அடிக்கோலின் நீளம் இருந்தாலே, சிறிய காரை மிதக்கவைத்து நகர்த்திவிடும். 60 சென்டிமீட்டர் இருந்தால் பெரும்பாலான வண்டிகளை அடித்துக்கொண்டு போய்விடும். கலங்கல் தண்ணீருக்கு அடியில் பாலம் இருக்கிறதா, அரித்துப் போய்விட்டதா என்பதும் தெரியாது. கரைக்கு வந்த பிறகு யோசிப்பதை விட, பத்து கிலோமீட்டருக்கு முன்பே தெரிந்தால் எவ்வளவு நல்லது!

2023 டிசம்பர் 17, 18 தேதிகள் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. வறண்ட பூமி என்று பெயர் எடுத்த நம் கோவில்பட்டியிலேயே ஏறக்குறைய 50 சென்டிமீட்டர். பல மாதங்களில் பெய்ய வேண்டிய மழை ஒரே மூச்சில் கொட்டியது. கண்மாய்கள் உடைந்தன. தாமிரபரணிக் கரை ஊர்கள் தீவுகளாயின. மின்சாரம் போனது. பல இடங்களில் செல்போன் கோபுரங்களும் ஓய்ந்தன.

அன்று இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. முன்னால் தண்டவாளத்தின் அடியில் இருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துவிட்டது என்ற தகவல் நேரத்தோடு வந்து சேர்ந்ததுதான் காரணம். ரயிலில் சுமார் 800 பேர். இரண்டு நாள் வெள்ளத்தின் நடுவே மாட்டிக்கொண்டார்கள். பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள் தங்களிடம் இருந்ததைச் சமைத்துக் கொடுத்தார்கள். 19ஆம் தேதி பயணிகள் மீட்கப்பட்டு, நம் வாஞ்சி மணியாச்சியிலிருந்து சிறப்பு ரயிலில் சென்னைக்குப் போனார்கள். 'முன்னால் வழி இல்லை' என்ற ஒற்றைச் செய்தி அத்தனை உயிர்களைக் காத்தது. ரயிலுக்குச் சொல்ல நிலைய அதிகாரி இருக்கிறார். சாலையில் போகும் காருக்கு யார் சொல்வது?

"எங்கள் செல்போனிலேயே வரைபடம் இருக்கிறதே, சிவப்பு, பச்சை என்று கோடு போட்டுக் காட்டுமே" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நல்ல வசதிதான். ஆனால் அந்த நிறங்கள் எப்படி வருகின்றன? சாலையில் போகிறவர்களின் செல்போன்கள் எவ்வளவு வேகத்தில் நகர்கின்றன என்று பார்த்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். மதுரை பைபாஸில் ஆயிரக்கணக்கான செல்போன்கள் போகும். புதூர் பக்கத்துக் கிராமச் சாலையில் அரை மணிக்கு ஒரு டிராக்டர் போனால், அது எதைக் கணக்குப் போடும்? கோபுரம் ஓய்ந்துவிட்டால் அதுவும் இல்லை. வானொலிக்கு இந்தத் தொல்லை கிடையாது. எங்கோ ஒரு நிலையம் இயங்கினால் போதும். ஒருவர் கேட்டாலும் ஒரு லட்சம் பேர் கேட்டாலும் அதற்கு நெரிசல் இல்லை. வீட்டில் மின்சாரம் போனாலும் காரின் பேட்டரியில் அது பாடும். அது மட்டுமா? டிரைவரின் கண் சாலையிலேயே இருக்கும். காது மட்டும் போதும்.

வானொலி அலை எவ்வளவு தூரம் வரும்? பண்பலை அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது. ஆகவே எவ்வளவு உயரத்திலிருந்து அனுப்புகிறோமோ அவ்வளவு தூரம் போகும். ஒரு கணக்குப் போடுவோமா? உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால், அடிவானம் எத்தனை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று கிடைக்கும். 10 மீட்டர் உயர மொட்டை மாடிக்குச் சுமார் 11 கிலோமீட்டர். கொடைக்கானல் மலை 2,000 மீட்டருக்கு மேல். பெருக்கிப் பாருங்கள், 160 கிலோமீட்டர் வரும்! கோவில்பட்டி அங்கிருந்து நேர்கோட்டில் சுமார் 125 கிலோமீட்டர்தான். 100.5இல் கோடைப் பண்பலை நம் ஊர் டீக்கடை வரை வந்து பாடிய ரகசியம் இதுதான். மத்திய அலை வேறு ரகம். அது தரையை ஒட்டிப் போகும். இரவில் வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி இன்னும் தொலைவுக்குப் போகும். 1963இல் தொடங்கிய திருநெல்வேலி வானொலியையும், கடல் கடந்து வந்த இலங்கை வானொலியையும் உங்கள் தாத்தா, பாட்டி கேட்டது அப்படித்தான்.

ஆனால் தூரம் போகும் வானொலிக்கு ஒரு குறை உண்டு. பத்து மாவட்டத்துக்குப் பேசுகிற நிலையம், உங்கள் ஊர் ஓடையைப் பற்றிப் பேச நேரம் ஒதுக்குமா? சின்ன நிலையம்தான் அதைச் செய்யும். பாம்பனில் 2016இல் தொடங்கப்பட்ட 'கடல் ஓசை' என்ற சமுதாய வானொலி இதற்கு நல்ல உதாரணம். மீனவர்களுக்காக நடத்தப்படும் நிலையம் அது. காற்று எப்படி, அலை எப்படி என்று சொல்லும். அவர்களுக்குக் கடல்தானே சாலை! கரிசல் காட்டுக்கும் அப்படி ஒன்று வந்தால், தரைப்பாலங்களின் பெயரைச் சொல்லிச் சொல்லியே ஒரு நிகழ்ச்சி நடத்தலாம் என்பது என் ஆசை.

தனியார் பண்பலை நிலையங்கள் சொந்தமாகச் செய்தி வாசிக்க அனுமதி இல்லை என்பது சிலருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் 2011இல் மத்திய அரசு வகுத்த விதிகளில் போக்குவரத்து, வானிலை, இயற்கைச் சீற்ற எச்சரிக்கை போன்றவற்றைச் செய்தி என்று கணக்கில் எடுக்காமல், ஒலிபரப்ப இடம் கொடுத்தார்கள். ஆகவே மழை நாளில் பாட்டுக்கு நடுவே அறிவிப்பாளர் வேகமாகப் பேசிவிட்டுப் போகும் அந்த அரை நிமிடம் முக்கியமானது. வீட்டில் பெரும்பாலும் அப்போதுதான் சேனலை மாற்றுவார்கள்!

சாலைச் செய்தியைக் கேட்பதற்கும் ஒரு பயிற்சி வேண்டும். டிரைவர் வண்டியைப் பார்க்கட்டும். பின் சீட்டில் இருக்கும் நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள். எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் நடுவில்? போகும் பக்கமா, வரும் பக்கமா? மாற்று வழி சொன்னார்களா? எத்தனை மணிக்குச் சொன்னார்கள்? கடைசிக் கேள்வி மிக முக்கியம். ஓடை ஒரு மணி நேரத்தில் ஏறும், ஒரு மணி நேரத்தில் வடியும். காலை ஏழு மணிச் செய்தியை நம்பி மதியம் தரைப்பாலத்தில் இறங்கக் கூடாது.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். பழைய நோட்டின் அட்டையை வெட்டி, அதில் உங்கள் ஊரில் தெளிவாகக் கேட்கும் நிலையங்களின் எண்களை எழுதுங்கள். வீட்டில் கேட்டுப் பார்த்து எழுதுங்கள், யாரோ சொன்னதை எழுதாதீர்கள். அடுத்து, தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033, மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, எந்த அவசரத்துக்கும் 112. பின்பக்கத்தில் உங்கள் ஊருக்கும் கோவில்பட்டிக்கும் நடுவே இருக்கும் தரைப்பாலங்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் சுற்றுவழி உண்டா என்று தாத்தாவிடம் கேட்டுக் குறியுங்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டு, காரிலோ ஆட்டோவிலோ, கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். கார் இல்லாத வீட்டில், டிரான்சிஸ்டரோடு சேர்த்து இரண்டு புதிய பேட்டரிக் கட்டைகளையும் வைத்து, மழைத்தண்ணீர் படாத அலமாரியில் ஏற்றிவிடுங்கள்.