கண்ணுக்கு நிறம், செல்லுக்கு உப்பு

ஒரு பருத்தி பனியன் துணிக்குக் கருநீலம் ஏற்ற வேண்டும். அதற்குச் சாயம் மட்டும் போதாது, பிள்ளைகளே. உப்பும் வேண்டும். தண்ணீரில் நனைந்த பருத்திக்கு லேசாக எதிர்மின்னூட்டம் வந்துவிடும். கரைந்த சாயத்துக்கும் எதிர்மின்னூட்டம்தான். ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும். உப்பைக் கரைத்தால் அந்தத் தள்ளல் அடங்கும், சாயம் நூலை நெருங்கும். அடர்ந்த நிறத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராமுக்கு மேலேகூட உப்பு போடுவார்கள். கடல்நீரிலேயே லிட்டருக்குச் சுமார் 35 கிராம்தான் இருக்கிறது!

சாயத்தில் பெரும்பகுதி துணியோடு போய்விடும். உப்பு அப்படிப் போகாது, அத்தனையும் தண்ணீரிலேயே நிற்கும். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் அந்தத் தண்ணீர் பல வருடங்கள் நொய்யலில் போய் விழுந்தது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து காவிரியில் கலக்கும் ஆறு அது. 1992-இல் பாசனத்துக்கென்று சென்னிமலைக்குப் பக்கத்தில் ஒரத்துப்பாளையம் அணையைத் திறந்தார்கள். சில வருடங்களிலேயே அதில் தேங்கி நின்றது சாயக்கழிவு. ஆற்றோரத்து நிலங்களில் விளைச்சல் போனது, கிணறுகள் உப்பாகின.

ஆற்றின் நிறத்தைப் பார்த்து ஊரே பதறியது. பதற வேண்டியதுதான். ஆனால் பயிரைக் கெடுத்ததில் பெரும்பங்கு நிறமே இல்லாத உப்புக்கு.

எப்படி என்று வீட்டிலேயே பார்க்கலாம். மாங்காய்த் துண்டுகளில் உப்பைத் தூவி அரை மணி நேரம் வையுங்கள். கிண்ணத்தின் அடியில் தண்ணீர் கசிந்து நிற்கும், துண்டுகள் துவண்டிருக்கும். ஒவ்வொரு செல்லையும் ஒரு மெல்லிய சவ்வு மூடியிருக்கிறது. அது தண்ணீரை எளிதாக விடும், உப்பை எளிதில் விடாது. உப்பு எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் தண்ணீர் நகரும். இதுதான் சவ்வூடு பரவல். மண்ணில் உப்பு ஏறிவிட்டால் வேர் செல்லுக்குத் தண்ணீர் குடிப்பதே பாடு. ஈர நிலத்தில் நின்றுகொண்டே பயிர் தாகத்தில் வாடும். உப்பிலுள்ள சோடியம் மெல்ல உள்ளே புகுந்துவிட்டாலோ, பொட்டாசியத்தை நம்பி நடக்கும் செல்லின் வேலைகளும் தடுமாறும்.

நொய்யல் பாசன விவசாயிகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். விடாமல் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. பல்லாயிரம் குடும்பங்களின் பிழைப்பும் நின்றது. அந்தக் கஷ்டத்தையும் மறக்கக் கூடாது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத ஏற்பாடு செய்த பிறகே பட்டறைகள் படிப்படியாகத் திறந்தன. அந்த ஏற்பாட்டின் மையத்தில் இருப்பதும் ஒரு சவ்வுதான். தண்ணீர் தானாக உப்புப் பக்கம் போகும் அல்லவா? பம்பு வைத்து அழுத்தி, அதை எதிர்ப்பக்கம் தள்ளுகிறார்கள். நல்ல தண்ணீர் ஒரு பக்கம், உப்புத் தண்ணீர் ஒரு பக்கம். இரண்டையும் முடிந்த அளவு மறுபடி சாயமேற்றவே பயன்படுத்துகிறார்கள்.

வேர் செல்லை வாட்டியது உப்பு. நம் உடம்பின் செல்லை வேறு வழியில் கெடுக்கிற பொருள்களும் சாயத் தொழிலில் உண்டு. 1895-இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். மஜெந்தா சாயம் தயாரித்த தொழிலாளர்களில் சிலருக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வந்திருந்தது. சாயத்தை மூச்சில் இழுத்தால் நுரையீரல் கெடலாம், தொட்டால் தோல் கெடலாம். சிறுநீர்ப்பை ஏன்?

விடை கிடைக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. பென்சிடின், 2-நாப்தைலமின் போன்ற அரோமாட்டிக் அமீன்கள்தான் காரணம். அவை உடம்புக்குள் வந்தால், வெளியேற்றுவதற்கு வசதியாகக் கல்லீரல் அவற்றை மாற்றுகிறது. நல்ல எண்ணத்தோடு செய்கிற வேலை. அந்த மாற்றத்தில்தான் சில அமீன்கள் முன்னைவிட ஆபத்தானவையாகிவிடுகின்றன. சிறுநீரோடு இறங்கி, சிறுநீர்ப்பையில் மணிக்கணக்கில் தங்கி, அதன் உள்சுவர் செல்களின் டிஎன்ஏவில் ஒட்டிக்கொள்கின்றன. செல் இரண்டாகப் பிரியும்போது டிஎன்ஏவைப் படியெடுக்க வேண்டும். ஒட்டிய இடத்தில் எழுத்து பிழையாகலாம். பெரும்பாலான பிழைகளைச் செல்லே திருத்திவிடும், முடியாவிட்டால் தன்னையே அழித்துக்கொள்ளும். வருடக்கணக்கில் பிழைகள் சேர்ந்து, ‘பிரியாதே, நில்’ என்று சொல்லும் மரபணுவும் கெட்டுப்போனால் அது புற்றுநோய். இருபது வருடம்கூட ஆகலாம். ரேன் பார்த்த நோய்க்கு இத்தனை காலம் காரணம் பிடிபடாமல் இருந்ததில் வியப்பில்லை. சிகரெட் புகையிலும் இந்த வகை அமீன்கள் இருக்கின்றன. இன்று சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு முதல் காரணம் புகைப்பதுதான்.

எல்லாச் சாயமும் இப்படி அல்ல. அசோ வகைச் சாயங்களில் சில மட்டுமே உடைந்து இந்த அமீன்களைத் தரும். அவற்றை ஜெர்மனி 1994-இல் தடை செய்தது, இந்தியாவும் அதே பத்தாண்டில் தடை செய்தது. வெளிநாட்டுக்குப் போகும் திருப்பூர் துணிகளில் இந்த அமீன்கள் இருக்கின்றனவா என்று இன்று ஆய்வகங்களில் சோதிக்கிறார்கள்.

பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயத்தூளிடம் மட்டும் வேறொரு கவனம் தேவை. நூலை இறுகப் பிடித்துக்கொள்ளும் அதன் குணம்தான் அதன் சிறப்பு. மூச்சோடு தூள் உள்ளே போனால் உடம்பின் புரதத்தையும் அப்படியே பிடித்துக்கொள்ளும். சிலருடைய நோயெதிர்ப்புச் செல்கள் அதைப் பகையென்று எண்ணிப் போருக்குக் கிளம்பும். பிறகு கொஞ்சம் தூள் பட்டாலே மூச்சுக்குழாய் சுருங்கி இளைப்பு வரும்.

உங்கள் வீட்டில் அப்பாவோ அண்ணனோ மாமாவோ சாயப்பட்டறைக்கு வேலைக்குப் போகிறார்களா? சாயத்தூள் எடை போடும்போது மாஸ்க்கும் கையுறையும் கட்டாயம் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். பட்டறையில் தராவிட்டால் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அது அவர்கள் உரிமை.