சொரியாசிஸ்: ஒட்டுவாரொட்டி அல்ல, ஒரே நாளில் ஓடுவதும் அல்ல



முழங்கை, முழங்கால், தலை, முதுகு ஆகிய இடங்களில் தோல் சிவந்து தடித்து, அதன்மேல் வெள்ளி நிறத்தில் செதில் செதிலாக உதிரும் நோயைச் சாதாரணமாக 'படை' என்று சொல்லிவிடுகிறோம். சித்த வைத்தியத்தில் இதற்குக் காளாஞ்சகப் படை என்று பெயர். டாக்டர்கள் சொரியாசிஸ் என்பார்கள்.

சில மாதம் அடங்கிக் கிடக்கும். திடீரென்று கிளம்பும். கிளம்பினால் லேசில் போகாது. சிலருக்கு உள்ளங்கையும் பாதமும் வெடித்து ரத்தம் கசியும். அந்தக் கையோடு பால் வெட்டும் கத்தியைப் பிடிப்பது எப்படி? அந்தக் காலைப் பூட்சுக்குள் விடுவது எப்படி? வலி ஒருபுறம், ஊர் வாய் ஒருபுறம். ஆகவே இதைப் பற்றித் தெளிவாகத் தெரிந்துகொள்வது அவசியம்.

இது என்ன நோய்?

நம் தோல் சுமார் 28 நாளுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. பழைய தோல் நமக்குத் தெரியாமலே உதிரும். சொரியாசிஸ் உள்ளவருக்கு இந்த வேலை மூன்று நான்கு நாளிலேயே நடக்கிறது. உதிர நேரமில்லாமல் தோல் அடுக்கடுக்காகச் சேர்ந்து தடிக்கிறது. கிருமியை எதிர்க்க வேண்டிய உடலின் காவல் சக்தி, தவறுதலாகத் தன் தோலையே தூண்டிவிடுவதுதான் காரணம். கிருமியால் வருவதல்ல. அழுக்கினால் வருவதல்ல. யாருடைய சாபமும் அல்ல.

எனவே இது ஒட்டாது. ஒரே பாயில் படுத்தாலும், ஒரே தட்டில் சாப்பிட்டாலும், தாய் பிள்ளைக்குப் பால் கொடுத்தாலும் ஒட்டாது. பரம்பரையாக வரும் வாய்ப்பு உண்டு. ஆனால் பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வந்தே தீரும் என்பதில்லை. 2007 முதல் நடந்துவரும் மலேசிய சொரியாசிஸ் பதிவேட்டைப் பார்த்தால், நாட்டின் மக்கள் தொகையில் நமக்குள்ள பங்கைவிட நோயாளிகளில் இந்தியர் பங்கு கூடுதல். ஆகவே இது நம் வீட்டு விஷயம்.

பெருவியாதியா?

படையைப் பார்த்ததும் 'குஷ்டமோ' என்று வாய்க்குள் முணுமுணுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. 1930-ல் சுங்கை பூலோ தொழுநோயாளர் குடியிருப்பு திறக்கப்பட்டது. நோய் கண்டவர்களைக் குடும்பத்திலிருந்து பிரித்துக் கொண்டுபோன காலம் அது. ஐரோப்பாவிலும் இந்த இரண்டு நோய்களையும் வெகுகாலம் ஒன்றாகவே போட்டுக் குழப்பினார்கள். 1841-ல் வியன்னா டாக்டர் ஹெப்ராதான் இரண்டும் வேறு வேறு என்று தெளிவாகப் பிரித்துக் காட்டினார்.

தொழுநோய்த் தழும்பில் உணர்ச்சி மரத்துப்போகும். சொரியாசிஸ் அரிக்கும், எரியும், வலிக்கும். தொழுநோயும் இன்று மாத்திரையில் குணமாகிற நோய்தான். எதுவானாலும் டாக்டரிடம் காட்டுங்கள். நாமே தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

ஏன் கிளம்புகிறது?

தோலில் காயம் பட்டால் அந்த இடத்திலேயே ஓரிரு வாரத்தில் படை வரலாம். செம்பனை முள் கீறல், கொசுக்கடியைச் சொறிவது, பூட்ஸ் உராய்வது எல்லாம் இதில் அடக்கம். தொண்டைப் புண், மனக்கவலை, சம்சு, சிகரெட் ஆகியவையும் கிளப்பிவிடும். ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகளும் காரணமாகலாம். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள்.

கத்தரிக்காய், கருவாடு சாப்பிட்டதால்தான் வந்தது என்று பட்டினி கிடக்க வேண்டாம். உடல் பருமன் உள்ளவர்கள் எடையைக் குறைத்தால் படையும் குறைய வாய்ப்புண்டு.

ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது. 'ரெண்டே நாள்ல மறைஞ்சிடும்' என்று சொல்லிக் கொடுக்கும் ஊசியும் மாத்திரையும் பெரும்பாலும் ஸ்டீராய்டாக இருக்கும. படை மறையும், உண்மைதான். நிறுத்தியதும் முன்னைவிட மோசமாகத் திரும்பிவரும். ஜாமு, சூரணம் என்ற பெயரில் விற்கும் பதிவில்லாத மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருந்ததைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. வாங்குமுன் பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் முத்திரையும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. வெந்நீர் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் சீக்கிரமாகக் குளியுங்கள். காரமான சவுக்காரம், பீர்க்கங்கூடு போட்டுத் தேய்க்காதீர்கள்.

2. ஈரத்தை ஒற்றி எடுத்த உடனே வாசலினோ, கிளினிக்கில் கொடுக்கும் களிம்போ, தேங்காய் எண்ணெயோ தாராளமாகப் பூசுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை பூச வேண்டும். வலியைக் குறைப்பதில் பாதி வேலை இதுதான்.

3. வெடித்த கை கால்களில் இரவில் கனமாக வாசலின் பூசிப் பருத்தி உறை, காலுறை போட்டுத் தூங்குங்கள்.

4. செதிலை நகத்தால் உரிக்காதீர்கள். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

5. இளவெயில் கொஞ்சம் பட்டால் பலருக்கு நல்லது. தோல் கருகும்படி நின்றால் படை கூடும்.

6. மருந்து அடிக்கும் வேலையில் கையுறை, நீளச்சட்டை கட்டாயம். வேலை முடிந்ததும் உடனே கழுவிவிடுங்கள்.

எங்கே போவது?

முதலில் அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தான். பதிவுக் கட்டணம் நம் குடிமக்களுக்கு 1 ரிங்கிட். அங்கே கட்டுப்படாவிட்டால், தோல் டாக்டரைப் பார்க்கக் கடிதம் கேளுங்கள். பத்து காஜா வட்டாரத்து மக்களுக்கு ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. தார் களிம்பு, வைட்டமின் 'டி' வகைக் களிம்பு, ஒளிச் சிகிச்சை, மாத்திரை, ஊசி என்று இன்று பல வழிகள் உண்டு. வேரோடு அழிக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் பலருக்குப் படை வெகுவாக அடங்கிப்போகிறது. பொறுமைதான் வேண்டும்.

மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரை கொடுத்தால் மிகுந்த கவனம் தேவை. அது வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிட வேண்டியது. தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணிகள் தொடக்கூடாது. மது கூடவே கூடாது, கல்லீரல் கெட்டுப்போகும்.

விரல் மூட்டு, இடுப்பு காலையில் விறைத்து வலித்தால் அதையும் சொல்லுங்கள். சொரியாசிஸ் மூட்டையும் தாக்கும். விட்டுவிட்டால் விரல் கோணிப்போகும். உடம்பு முழுதும் சிவந்து குளிர் நடுக்கம் வந்தாலோ, சீழ்க் கொப்புளம் கிளம்பினாலோ விடியும் வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வேலையும் உரிமையும்

நோயை மறைத்துக்கொண்டு வெடித்த கையோடு வேலைக்குப் போகாதீர்கள். 1955 வேலைச் சட்டப்படி, டாக்டர் சீட்டு இருந்தால் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. சர்வீஸ் 2 வருஷத்துக்குள் என்றால் ஆண்டுக்கு 14 நாள். 2 முதல் 5 வருஷத்துக்குள் என்றால் 18 நாள். 5 வருஷமும் அதற்கு மேலும் என்றால் 22 நாள். 'ஒட்டும் நோய்' என்று சொல்லி யாராவது ஒதுக்கினால், ஒட்டாது என்று டாக்டரிடம் எழுதி வாங்கிச் சங்கக் கிளையிடம் கொண்டுவாருங்கள்.

2014-ல் உலக சுகாதார மாநாடு சொரியாசிஸ் பற்றித் தீர்மானம் போட்டது. ஒட்டாத நோய் என்றும், நோயாளிகளை ஒதுக்குவதை நிறுத்த வேண்டும் என்றும் அதில் சொல்லியிருக்கிறது. உலகம் ஒப்புக்கொண்டதை நம் அண்டை வீடும் ஒப்புக்கொள்ள வேண்டாமா? படை உள்ளவர் வீட்டில் ஒரு வாய் தேத்தண்ணி வாங்கிக் குடியுங்கள். எந்தக் களிம்பும் செய்யாத வேலையை அது செய்யும்.