அடிவயிற்றில் ஒரு தேதி: டைனோசர் பொம்மை, கொலுப் பொம்மை, சேகரிப்பின் அரசியல்

1

பழைய பொம்மை சேகரிப்பது என்றால் நம்ம வட்டாரத்தில் ஓர் இளக்காரம் உண்டு. 'காசு மிஞ்சினவன் பொழுதுபோக்கு', 'சரக்கு வழிபாடு' என்று ஒரே வரியில் தள்ளிவிடுவது வழக்கம். மார்க்ஸைக் கொஞ்சம் படித்தவர்களுக்கு இது சுலபமான காரியம். ஆனால் சேகரிப்பு என்பது ஓர் அறிதல்முறையும்கூட. எந்தப் பொருளுக்கு வயது உண்டு, எதற்குக் கிடையாது. எது 'அரும்பொருள்', எது வெறும் 'பழசு' என்று தீர்மானிக்கிற அதிகாரம் அதற்குள் இயங்குகிறது.

இதைப் புரிந்துகொள்ள இரண்டு பொம்மைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒன்று, 1950களிலிருந்து 1980கள்வரை அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வார்க்கப்பட்டு, இன்றைக்கு வயதுவந்தவர்கள் தேடித்தேடி வாங்குகிற பிளாஸ்டிக் டைனோசர். மற்றொன்று, காஞ்சிபுரத்தில் அஷ்டபுஜப் பெருமாள் கோயில் பக்கம் பொம்மைக்காரத் தெருவில் செய்யப்படும் கொலுப் பொம்மை. இரண்டும் அச்சில் பிறந்தவை. இரண்டும் ஒன்றல்ல, நூற்றுக்கணக்கில் பிறந்தவை. இரண்டையும் மனிதர்கள் வருஷக்கணக்கில் சேர்த்துவைக்கிறார்கள். ஆனால் முதலாவதற்கு வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. இரண்டாவதற்குப் 'பாரம்பரியம்' என்ற பட்டம் மட்டும் கொடுக்கப்பட்டிருக்கிறது. பாரம்பரியம் என்று சொல்லிவிட்டால் அப்புறம் தேதி கேட்க வேண்டியதில்லை, பெயரும் கேட்க வேண்டியதில்லை.

2

டைனோசர் பொம்மைச் சேகரிப்பாளன் ஒரு பொம்மையைக் கையில் எடுத்ததும் முகத்தைப் பார்ப்பதில்லை. தலைகீழாகப் புரட்டி அடிவயிற்றைப் பார்க்கிறான். இங்கிலாந்தின் இன்விக்டா பிளாஸ்டிக்ஸ் நிறுவனம் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்காக 1974 முதல் வார்த்த பொம்மைகளில் நிறுவனத்தின் பெயர், அருங்காட்சியகத்தின் பெயர், காப்புரிமை ஆண்டு எல்லாம் வயிற்றிலேயே பதிந்திருக்கும். அந்த அருங்காட்சியகம் 1992இல் சட்டப்படி பெயர் மாற்றிக்கொண்டது. பொம்மையின் வயிற்றில் பழைய பெயர் அப்படியே கிடக்கிறது. நியூயார்க்கின் லூயி மார்க்ஸ் கம்பெனி 1950களின் மத்தியில் வெளியிட்ட மலிவுவிலைப் பொம்மைகளில் விலங்கின் பெயர் வார்ப்பிலேயே வரும். பின்னாட்களில் ஹாங்காங்கிலும் சீனத்திலும் வந்த நகல்களைப் பார்த்தால் கம்பெனி பெயர் இருக்காது, நாட்டின் பெயராவது இருக்கும். அவற்றுக்கும் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள்.

எழுத்து தேய்ந்துபோனாலும் வயது சொல்ல வேறொரு வழி உண்டு: பொம்மையின் தப்பு. 1854இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவில் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் முழு அளவில் டைனோசர் உருவங்களை நிறுவினார். அவற்றின் சிறு மாதிரிகள் பாடம் சொல்லித்தர விற்கப்பட்டன. அதில் இகுவனோடான் மூக்கில் கொம்போடு நிற்கும். 1878இல் பெல்ஜியத்தில் பெர்னிசார் சுரங்கத்தில் முழு எலும்புக்கூடுகள் கிடைத்த பிறகுதான் அது கொம்பு அல்ல, கட்டைவிரல் முள் என்று உறுதியானது. அதேபோல 1950களின் டிரானோசரஸ் பொம்மை நிமிர்ந்து நின்று வாலைத் தரையில் ஊன்றியிருக்கும், மூன்று கால் முக்காலி மாதிரி. 1969இல் ஜான் ஆஸ்ட்ராம் டைனோனிகஸைப் பற்றி எழுதியதிலிருந்து டைனோசர் என்றால் மந்தமான பெரிய பல்லி என்ற எண்ணம் உடையத் தொடங்கியது. அதன்பின் பொம்மைகளின் வால் மெதுவாகத் தரையை விட்டு எழும்பியது. உடல் கிடைமட்டத்துக்கு வந்தது. இன்விக்டாவின் 1974 டிரானோசரஸில் அந்த வால் இன்னும் தரையில்தான் இருக்கிறது. அறிவியல் மாறிவிட்டது, அச்சு மாறவில்லை.

ஆக, இந்தப் பொம்மை எந்த டைனோசரையும் குறிக்கவில்லை. அந்தந்தக் காலம் டைனோசரை எப்படிக் கற்பனை செய்தது என்பதைக் குறிக்கிறது. குறிப்பான் அப்படியே இருக்க, குறிப்பீடு நழுவிப் போய்விட்டது. டபிள்யூ.ஜே.டி. மிட்செல் 1998இல் எழுதிய நூலில் டைனோசரை நவீனத்துவத்தின் குலக்குறி விலங்கு என்கிறார். யாரும் உயிரோடு பார்த்திராத ஒரு விலங்கு நவீன சமூகத்தின் குலக்குறி ஆவதற்கு அருங்காட்சியகம், பள்ளிக்கூடம், பொம்மைக் கம்பெனி மூன்றும் கூட்டாக வேலை செய்திருக்கின்றன. அடிவயிற்றில் இருக்கும் முத்திரை அந்தக் கூட்டின் கையெழுத்து.

3

இப்போது காஞ்சிபுரத்துக்கு வருவோம். களிமண் பொம்மை என்றால் முன்பாதிக்கு ஓர் அச்சு, பின்பாதிக்கு ஓர் அச்சு. மண்ணை அச்சில் அழுத்தி எடுத்து, இரண்டையும் ஒட்டி, நிழலில் காயவைத்துச் சுடுகிறார்கள். காகிதக்கூழ் பொம்மை என்றால் ஊறவைத்து இடித்த காகிதத்தோடு சுண்ணத்தூளும் பசையும் சேர்த்துப் பிசைந்து அச்சில் அப்புவார்கள். எடை குறைவு, தூரப் பயணத்தில் உடைவதும் குறைவு. பிறகு தேய்த்து, வெள்ளை பூசி, வர்ணம். கண் திறப்பது கடைசியில். தசாவதாரம், கருட சேவை, கல்யாண செட் என்று செட்செட்டாக மயிலாப்பூர் மாட வீதி போன்ற சந்தைகளுக்குப் போகிறது. போகிற வழியில் செய்தவர் பெயர் உதிர்ந்துவிடுகிறது. 'காஞ்சிபுரம் பொம்மை' என்பதுதான் மிச்சம். பொம்மையைப் புரட்டிப் பாருங்கள். அடியில் ஒன்றும் கிடையாது.

இங்கேயும் உள்சான்றை வைத்துச் சில பொம்மைகளுக்கு வயது சொல்லலாம். அத்திவரதர் 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை குளத்திலிருந்து எழுந்தருளுபவர். 1979க்குப் பிறகு 2019இல், ஜூலை 1 முதல் 48 நாள் தரிசனம் நடந்தது. அந்த வருஷக் கொலுவில் சயனக் கோலத்திலும் நின்ற கோலத்திலும் அத்திவரதர் பொம்மை பரவலாக விற்றது. இன்னும் நூறு வருஷம் கழித்து ஓர் ஆய்வாளன் கையில் அது கிடைத்தால் 2019ஐ ஒட்டியது என்று ஊகிப்பான். ஆனால் தசாவதார செட்டுக்கு என்ன செய்வது? மச்சாவதாரத்தின் வால் எந்த ஆராய்ச்சியாலும் மாறப்போவதில்லை. தெய்வ உருவத்துக்குத் 'தப்பு' கிடையாது. அதனாலேயே அதற்குத் தேதியும் கிடையாது.

இன்னொரு சிக்கல் வர்ணம். டைனோசர் சேகரிப்பாளனுக்குப் புது வர்ணம் என்பது பெரும் பாவம். மேலே ஒரு பூச்சு விழுந்தால் விலையும் விழும். கொலு வைக்கிற வீட்டிலோ மங்கிய பொம்மைக்கு வர்ணம் அடித்து வைப்பதுதான் மரியாதை. கோபுரத்துக்குக் கும்பாபிஷேகத்தின்போது செய்கிற அதே காரியம். பழமையைக் காப்பது என்பதன் பொருள் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருக்கிறது: ஒன்றில் மேற்பரப்பைத் தொடாமல் வைப்பது, மற்றதில் மேற்பரப்பைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பது. இரண்டாவதைப் பிற்போக்கு என்று சொல்ல நான் தயாராக இல்லை. 'மூலம்' என்ற ஒன்றைக் கும்பிடாத பார்வை அதில் இருக்கிறது. ஆனால் அந்தப் பூச்சுக்கு அடியில் முதல் கை புதைந்துபோகிறது என்பதும் உண்மை.

கொலு ஒரு சேகரிப்பு நிறுவனம் என்பதை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. வருஷத்துக்கு ஒரு புதுப் பொம்மையாவது வாங்கவேண்டும் என்ற வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. பரணிலிருந்து இறக்கித் துடைத்து, எண்ணி, ஒன்பது நாள் வைத்து, மறுபடி துணியில் சுற்றி மேலேற்றுகிற வேலை பெண்களுடையது. அட்டவணை அவர்கள் வாயில் இருக்கிறது: 'இது எங்கம்மா சீரோட குடுத்தது', 'இது பெரியவன் பொறந்த வருஷம் வாங்கினது'. எந்த அருங்காட்சியகமும் எழுதிவைக்காத காலவரிசை இது. ஆனால் இந்த அட்டவணையிலும் கொடுத்தவர் பெயர் இருக்கிறது, வாங்கிய கடை இருக்கிறது; செய்தவர் பெயர் மட்டும் இல்லை.

படிகளின் அடுக்கு பற்றி ஒரு விளக்கம் வழக்கில் உண்டு. ஓரறிவிலிருந்து ஆறறிவு, அதற்கு மேல் முனிவர், மேல்படியில் தெய்வம். இந்த ஏணியில் அற்றுப்போன விலங்குக்குப் படியில்லை. ஆகவேதான் பிள்ளைகள் கொண்டுவந்து வைக்கிற பிளாஸ்டிக் டைனோசர் படிக்குக் கீழே, தரையில் மணல் போட்டு அமைக்கும் பூங்காவுக்குப் போய்ச்சேர்கிறது. அந்த இடத்தில் ஒரு வினோதம் நடக்கிறது. தரையில் நிற்கிற மட்டமான பிளாஸ்டிக்கின் வயிற்றில் நாட்டின் பெயர் இருக்கிறது. மேல்படியில் நிற்கிற பெருமாளுக்கு அடியில் வெறுமை.

4

எழுதிவைக்காதது என்ன ஆகும் என்பதற்கு உண்மையான டைனோசரே சாட்சி. அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் கிடைத்த மிகப் பெரிய எலும்புகளுக்கு 1980களின் பிற்பகுதியில் யாதகிரி, அய்யாசாமி என்ற இரு ஆய்வாளர்கள் புருகத்காயோசரஸ் என்று பெயரிட்டார்கள். பூமியில் நடமாடிய ஆகப்பெரிய விலங்குகளில் ஒன்றாக அது இருந்திருக்கலாம் என்ற பேச்சு உண்டு. ஆனால் அந்த எலும்புகள் இன்று இல்லை. நமது மழைக்கும் ஈரத்துக்கும் பொடிந்துபோயின. மிஞ்சியவை வரைபடங்களும் புகைப்படங்களும் எழுதிய கட்டுரையும்தான். அந்த எழுத்தாவது இருப்பதால் அது அறிவியல் விவாதத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. பரணில் மழை ஒழுகிக் கரைந்துபோகிற மண் பொம்மைக்கு அந்த ஒரு பக்க எழுத்துகூட இல்லை.

5

இங்கே ஒரு மறுப்பு எழும். 'ஆசிரியன் செத்துவிட்டான் என்று பத்து வருஷம் கட்டுரை எழுதினவங்க இப்ப பொம்மைக்குக் கையெழுத்து கேக்கறீங்களா?' நியாயமான கேள்விதான். பார்த் 1967இல் ஆசிரியனின் மரணத்தை அறிவித்தபோது, நூற்றாண்டுகளாகப் பெயரும் புகழும் காப்புரிமையும் அனுபவித்த ஓர் ஆசிரியனைப் பற்றிப் பேசினார். பெயரே போடாதவனுக்கு என்ன மரணம்? மண் பிசைகிறவரின் பெயரின்மையை 'கூட்டுப் படைப்பு', 'அநாமதேய நாட்டார் அழகியல்' என்று கொண்டாடுவது சாதிப் படிநிலைக்கு நாம் பூசுகிற இன்னொரு வர்ணம். அதே பார்த் 1957இல் பொம்மைகளைப் பற்றி எழுதியபோது பிளாஸ்டிக்கைத் தாழ்த்தி மரத்தை உயர்த்தினார். மரப்பாச்சியைக் கையில் வைத்துக்கொண்டு நம்மில் பலரும் அதே ஏக்கத்தைப் பாடுகிறோம். மூலப்பொருளைப் பற்றிய ஏக்கம் உழைப்பைப் பற்றிய கேள்வியை மறைத்துவிடுகிறது.

டைனோசரின் முத்திரையையும் நாம் வியந்துகொண்டிருக்க வேண்டியதில்லை. அதில் இருப்பது மூலதனத்தின் பெயர், நிறுவனத்தின் பெயர். மெழுகிலோ களிமண்ணிலோ முதல் உருவத்தைச் செதுக்கியவர் பெயரோ, எந்திரத்தில் நின்றவர் பெயரோ அந்த வயிற்றில் இல்லை. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது ஊரின் பெயரைக் காப்பாற்றுகிறது, தறியில் உட்கார்ந்தவர் பெயரை அல்ல. பொம்மைக்கும் அப்படியொரு சான்றிதழ் போதும் என்று நாம் நின்றுவிடக் கூடாது.

செய்யவேண்டிய வேலை சிறியது, நம் கைக்கு எட்டியது. புரட்டாசிக்கு முந்தைய மாதங்களில் பொம்மைக்காரத் தெருவுக்குப் போகிறவர்கள் விலை கேட்பதோடு, இந்த அச்சு யாருடையது, எந்தத் தலைமுறையில் செய்தது, மூல உருவம் யார் கை என்று கேட்டு எழுதலாம். அவர்கள் சம்மதித்தால், காய்கிறதுக்கு முன்னால் அடியில் ஒரு பெயரும் ஆண்டும் ஆணியால் கீறச் சொல்லலாம். வீடுகளில் பெண்கள் வாய்மொழியாக வைத்திருக்கும் அட்டவணையைப் பதிவுசெய்யலாம். நாளைக்குப் பழம்பொருள் வியாபாரி இந்தப் பொம்மைகளுக்கு வருவான், அது நிச்சயம். அன்றைக்கு ஏறுகிற விலையில் செய்தவர் குடும்பத்துக்குப் பங்கு உண்டா என்ற சண்டையைப் போட வேண்டியிருக்கும். அடியில் கீறிய பெயர் யாருக்கும் கூலியை உயர்த்தித் தந்துவிடாது. ஆனால் கூலிபாக்கி யாருக்கு என்று சொல்வதற்காவது ஒரு பெயர் வேண்டும்.