ஏடு எப்போது சான்றாகும்?

எழுதிய ஏடு யாவும் நீதிமன்றத்தில் தானே சான்றாகிவிடுவதில்லை. இலங்கையின் 1895ஆம் ஆண்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டப்படி, ஆவணத்தின் உள்ளடக்கத்தைப் பொதுவாக மூல ஏட்டைக் காட்டியே நிரூபித்தல் வேண்டும். பிறப்புப் பதிவு போன்ற பொது ஆவணமாயின், பொறுப்பான அலுவலர் 'உண்மைப் பிரதி' என எழுதி, திகதியும் பெயரும் பதவியும் குறித்து ஒப்பமிட்ட பிரதியே போதும். தோட்டத்தில் நாட்பேர் பதியும் செக்ரோலோ தனியார் ஏடு. அதை எழுதியவரையோ, அவர் கையெழுத்தை அறிந்தவரையோ கொண்டு மெய்ப்பிக்க வேண்டியிருக்கும்.

அரசாங்க அறிக்கைகளின் நிலை என்ன? அதனை ஆராய்ந்தது கேகாலைப் பகுதி வழக்கொன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டப்படி பிரசையல்லர் எனக் கூறி, கோடகன்பிள்ளை என்னும் இந்தியத் தமிழரின் பெயரை றுவான்வெல்லைத் தொகுதி வாக்காளர் இடாப்பிற் சேர்க்க அலுவலர் மறுத்தார். ஒரு சமூகத்தை விலக்கவே அச்சட்டம் இயற்றப்பட்டது என்பது அவர் தரப்பு வாதம். சட்டத்தின் சொற்கள் தெளிவாயிருக்கையில், அதன் நோக்கத்தை அறிய ஆணைக்குழு அறிக்கைகளை நாடலாகாது என்றது 1951இல் உயர் நீதிமன்றம். 1953இல் இலண்டன் கோமறைக்கழகமோ அத்தகைய அறிக்கைகளை நீதிமன்றம் கவனத்திற் கொள்ளுதல் தகும் என்றது. ஆயினும், தன் பிரசைகள் யாவரென வரையறுப்பது ஒரு நாட்டின் இயல்பான உரிமையே எனக் கூறி, மேன்முறையீட்டைத் தள்ளிற்று.

ஏட்டை மன்று ஏற்பது வேறு. அந்த ஏடு வழக்கை நிறுவுவது வேறு. வழக்காடச் செல்வோர் இரண்டையும் முன்னரே ஆராய்தல் நன்று.