பழைய கேமரோவும் புதிய எஞ்சினும்

1964-ஆம் வருஷத்தில், அமெரிக்காவின் போன்டியாக் ஸ்தாபனத்தைச் சேர்ந்த ஜான் டிலோரியன் என்ற என்ஜினீயரும் அவருடைய சகாக்களும், பெரிய கார்களுக்கென்று வைத்திருந்த 389 கன அங்குல எஞ்சினை டெம்பெஸ்ட் என்ற நடுத்தரக் குடும்பக் காருக்குள் இறக்கி, அதற்கு ஜி.டி.ஓ. என்று நாமகரணமும் செய்து, சம்பாதிக்கத் தொடங்கிய வாலிபனும் வாங்கக்கூடிய விலையில் கடைக்கு அனுப்பியபோது, 'மஸில் கார்' என்று பிற்காலத்தார் கொண்டாடும் புதிய ஜாதி ஒன்று பிறந்துவிட்டது. பலத்தையெல்லாம் எஞ்சினிலே குவித்துவிட்டு, அந்தப் பலத்தை அடக்கி ஆளவேண்டிய உறுப்புகளைப் பழையபடியே விட்டுவிட்டது அந்த ஜாதியின் பிறவிக் குணம். நேர்ச்சாலையில் இவற்றின் பாய்ச்சல் அபாரம்; வளைவு வந்துவிட்டாலோ, முன்புறத்துப் பாரம் காரை வெளியே இழுக்கும்; டிரம் பிரேக்குகள் நாலைந்து முறை ஓங்கி மிதித்ததும் சூடேறிப் பிடிப்பை இழக்கும். புகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் இன்ஷூரன்ஸ் கட்டணமும் சேர்ந்து 1970-க்குப் பின் சில வருஷங்களிலேயே இந்த ஜாதியை அஸ்தமிக்கச் செய்தன.

எஞ்சியிருப்பவற்றை என்ன செய்வது என்பதில் இன்று இரண்டு கட்சிகள் உண்டு. பந்தயப் பாதையில் இன்றைய காருக்குச் சமமாக ஓடும்படி திருத்துவதே அதற்குச் செய்யும் மரியாதை என்பது ஒரு கட்சி. தொழிற்சாலையை விட்டு வெளிவந்த கோலத்தில் ஓர் ஆணியைக்கூட மாற்றலாகாது என்பது மற்றொரு கட்சி. இந்த விவகாரத்தைப் பொதுவாகப் பேசினால் வெறும் வாய்ச்சண்டையாகவே முடியும் என்பதால், 1969-ஆம் வருஷத்துச் செவர்லே கேமரோவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அவ்வருஷ மாடலில் சுமார் 2,43,000 கார்கள் தயாராயின. அவற்றில் இசட்-28 என்ற பந்தய வகை ஏறத்தாழ 20,000. நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் கேட்டு வாங்கப்பட்டவை 206. முழுவதும் அலுமினியத்தால் வார்த்த 427 கன அங்குல எஞ்சினைக் கொண்ட இசட்எல்-1 வகை 69 மட்டுமே. தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு எல்லாம் ஒரே தகடு, ஒரே வடிவம்தான். உள்ளே இருப்பதுதான் வேறு.

திருத்தும் கட்சியாருக்கு வலுவான வாதம் ஒன்று உண்டு. இசட்-28 பிறந்ததே திருத்தப்படுவதற்காகத்தான். டிரான்ஸ்-ஆம் பந்தயத்தில் எஞ்சின் 305 கன அங்குலத்துக்கு மேற்படக்கூடாது என்ற விதி இருந்ததால், செவர்லேயின் வின்ஸ் பிக்கின்ஸ், 327 எஞ்சினின் பிளாக்கில் 283 எஞ்சினின் கிராங்க் ஷாஃப்டைப் பொருத்தி 302 கன அங்குலம் வரும்படி ஒரு யுக்தி செய்தார். 1967-இல் 602 கார்கள் விற்பனைக்கு வந்தன. அதை வாங்கிய ரோஜர் பென்ஸ்கேயின் பந்தயக் குழுவினர், எடை குறையவேண்டுமென்பதற்காக உடற்கூட்டை அமிலத்தில் முக்கித் தகட்டையே மெலிதாக்கினார்கள். அக்குழுவின் ஓட்டுநர் மார்க் டோனஹ்யூ 1968-இல் பதின்மூன்று பந்தயங்களில் பத்தை ஜயித்தார். கன்னத்தில் பொட்டிட்டுக் கண்ணாடிப் பேழைக்குள் உட்கார்த்தி வைப்பதற்காக அவர்கள் யாரும் இதைச் செய்யவில்லை.

இன்று திருத்துகிறவர்களின் சாமர்த்தியமும் அலட்சியப்படுத்தத்தக்கதன்று. ஜெனரல் மோட்டார்ஸ் என்ஜினீயரான மார்க் ஸ்டீலோ தொண்ணூறுகளிலிருந்து இந்தக் கேமரோக்களையே எடுத்துப் புனர்நிர்மாணம் செய்து இந்தக் கலைக்கு ஒரு லட்சணத்தை வகுத்துக் கொடுத்தவர். முன்சக்கரத்தைக் காரின் சட்டத்தோடு இணைக்கும் மேற்கையை எடுத்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலை அமைத்த இடத்தில் அது இருக்கையில், வளைவில் கார் சாயும்போது வெளிப்புறச் சக்கரத்தின் தலை வெளியே சாய்ந்து, டயர் தன் ஓரத்தால் மட்டும் தரையைத் தொடும். டிக் குல்ட்ஸ்ட்ராண்ட் என்ற பந்தய வீரர் அந்தக் காலத்திலேயே, மேற்கை பூட்டும் துளைகளைச் சட்டத்தில் சற்றுக் கீழே புதிதாகப் போட்டு, சக்கரம் உள்ளே சாய்ந்து டயர் முழு அகலத்தாலும் பற்றும்படி செய்துவிட்டார். நாலு துளைகளில் காரின் சுபாவமே மாறிவிடுகிறது! எஞ்சின் விஷயமும் அப்படியே: 1969-இன் இசட்எல்-1 எஞ்சினுக்குக் கம்பெனி அறிவித்த 430 குதிரைசக்தியை, 2008-ஆம் வருஷக் கார்வெட்டுக்காகச் செய்த எல்எஸ்-3 எஞ்சின் குளிர் காலையிலும் முரண்டு பிடிக்காமல் தருகிறது. ஆயினும் அதோடு இணையும் ஆறு கியர்ப் பெட்டியை நுழைக்கத் தரைத்தகட்டின் நடுமேட்டை வெட்டவேண்டும். 335 மில்லிமீட்டர் அகல டயர் வேண்டுமானால் பின்சக்கரக் குழியை அறுத்து உள்ளே தள்ளவேண்டும். ரம்பம் தொட்ட இடம் பழையபடி ஆகாது.

காப்பாற்றும் கட்சியார் எதற்காக இவ்வளவு பதறுகிறார்கள் என்பதை அறிய, ஒரு இசட்-28 எஞ்சினின் வலப்புறத்து சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் குனிந்து பார்க்கவேண்டும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தால், விரலகலமுள்ள சமதளத்தில், ஃபிளின்ட் தொழிற்சாலையைக் குறிக்கும் 'வி' என்ற எழுத்தும், எஞ்சின் பூட்டப்பட்ட மாதமும் நாளும், 302-க்குரிய 'டி.இசட்.' என்ற குறியும், காரின் வரிசை எண்ணின் ஒரு பகுதியும் அச்சுக் குத்தப்பட்டிருக்கும். அவற்றினடியில், பிளாக்கைச் சீவிய இயந்திரம் விட்டுச் சென்ற மயிரிழை போன்ற இணைகோடுகள் தெரியும். எண் காரோடு ஒத்துப்போனால் அதன் விலை பன்மடங்கு உயரும் என்பதால் பொய் எண் குத்துகிறவர்களும் கிளம்பிவிட்டார்கள்; நிபுணர்கள் லென்ஸை வைத்துக்கொண்டு எழுத்துகளைவிட அந்தக் கோடுகளையே ஆராய்கிறார்கள். தேய்ந்த எஞ்சினை நேர்மையாகப் புதுப்பிக்க நினைக்கும் பட்டறைக்காரர், ஹெட் உட்காரும் மேல்முகத்தை மட்டம் செய்யும்போது இவையனைத்தும் தூளாகப் போய்விடும். திருப்பணி என்ற பெயரில் கோயில் சுவரின்மீது மணலைப் பாய்ச்சிக் கல்வெட்டை அழித்த கதைதான் இது. மணல் பாய்ச்சியவர்களுக்கும் நோக்கம் சுத்தம் செய்வதாகவே இருந்தது.

ஆனால் காப்பாற்றுகிறோம் என்பவர்களில் பலர் செய்வது ஜீர்ணோத்தாரணத்தையும் தாண்டியது. தொழிற்சாலையில் ஒருநாளும் கிடைக்காத பளபளப்பில் சாயம் பூசி, இன்ஸ்பெக்டர்கள் அவசரத்தில் இட்ட சாக்பீஸ் குறிகளை ஆராய்ச்சி செய்து அதே இடத்தில் மறுபடி கிறுக்கி வைக்கிறார்கள். எனக்கு இது சற்று வேடிக்கையாகவே தோன்றுகிறது. இசட்எல்-1 கார்களின் சரித்திரத்தைப் பாருங்கள். இலினாய் மாகாணத்தில் லா ஹார்ப் என்ற சிற்றூரில் கடை வைத்திருந்த ஃபிரெட் கிப் இவற்றில் ஐம்பதை ஆர்டர் செய்தார். எஞ்சினுக்கு மட்டுமே 4,160 டாலர் என்று விலைச்சீட்டு வந்ததும் திகைத்துப்போனார். விற்காமல் நின்றவற்றில் பலவற்றைக் கம்பெனியே திருப்பி எடுத்து வேறு டீலர்களுக்குப் பங்கிட்டது. பல கார்கள் கால்மைல் பந்தயத்துக்குப் போய், சக்கரக் குழிகள் அறுபட்டு, எஞ்சின்கள் வெடித்து, அங்கேயே கீர்த்தி பெற்றன. அப்படிப்பட்ட ஒன்றை மறுபடி கடைவாசலில் நின்ற புதுக் காராக்கும்போது, அது உண்மையில் வாழ்ந்த வாழ்க்கை அழிக்கப்பட்டு, வாழாத வாழ்க்கை ஒன்று எழுதப்படுகிறது. 'புல்லிட்' படத்தில் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டிய மஸ்டாங், படப்பிடிப்புக்காகச் செய்த மாற்றங்களோடும் மங்கிய பச்சைச் சாயத்தோடும் அப்படியே வைக்கப்பட்டிருந்து, 2020 ஜனவரியில் 37 லட்சம் டாலருக்குமேல் ஏலம் போனது. அதைப் புதிதாக்கியிருந்தால் மற்றுமொரு பச்சை மஸ்டாங் கிடைத்திருக்கும்.

பிலடெல்பியாவில் மியூசியம் கண்ட மூளை அறுவை நிபுணர் ஃபிரெட் சிமியோன் இதில் நல்ல வழி காட்டினார். அமெரிக்கச் சரித்திர வாகனப் பதிவேட்டில் 2014-இல் முதலாவதாக ஏறிய ஷெல்பி டேடோனா கூப் அவருடைய சேகரத்தில் உள்ளது. புதுச்சாயம் காணாத அந்த மாதிரிக் கார்களை மியூசியத்தின் பின்முற்றத்தில் ஜனங்கள் பார்க்க ஓட்டிக் காட்டுவது அங்கே வழக்கம். சர்வதேசப் புராதன வாகனக் கூட்டமைப்பு 2012-இல் வகுத்த டூரின் சாசனமும், மாற்றம் தவிர்க்கமுடியாதபோது அதைத் திரும்பப் பழையபடி ஆக்கக்கூடியதாகச் செய்க, கழற்றிய பாகங்களைக் காரோடு வைத்திருக்க என்கிறது.

இந்த விதியைக் கேமரோவின்மீது வைத்தால் சண்டையில் பாதி தீர்ந்துவிடும். அதன் முன்சட்டம் உடற்கூட்டோடு போல்ட்டால் பூட்டப்பட்டது. பழையதைக் கழற்றிப் பரணில் ஏற்றிவிட்டு, புதிய மேற்கைகளும் டிஸ்க் பிரேக்கும் கொண்ட சட்டத்தை மாட்டிக்கொண்டு நாலு வருஷம் ஓட்டிவிட்டுப் பழையதை மறுபடி மாட்டலாம். ரம்பம் பிடித்தே தீரவேண்டும் என்பவருக்கோ, இசட்-28-ஐத் தொடவேண்டிய அவசியமே இல்லை: ஆறு சிலிண்டர்ச் சாதாரணக் கேமரோ உண்டு, அதுவும் கிடைக்காவிட்டால் டைனாகார்ன் ஸ்தாபனம் 1969 கேமரோவின் உடற்கூட்டையே புதிய எஃகுத் தகட்டில் செய்து விற்கிறது. தன் எஞ்சினை எப்போதோ ஏதோவொரு பந்தயத்தில் பறிகொடுத்துவிட்டு, எண் ஒவ்வாத வேறொரு எஞ்சினோடு நிற்கும் இசட்-28-கள் மட்டும் நடுவில் அகப்பட்டுக்கொள்கின்றன. குல்ட்ஸ்ட்ராண்டின் துளைகளைப் போட்டுக்கொள்ளுங்கள், எல்எஸ்-3 எஞ்சினையும் இறக்கிக்கொள்ளுங்கள், சக்கரக் குழியை மட்டும் அறுக்காதீர்கள் என்றே அவற்றின் சொந்தக்காரர்களிடம் நான் சொல்லுவேன்.